திரும்பி வர வேண்டிய வாளி

ஒரு சாம்பார் கரண்டிக்காகத் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு பஸ் ஏறிப் போன ஒருவரை எனக்குத் தெரியும். ஏதோ ஒரு கல்யாணத்துக்கு வாடகைக்குப் போன பாத்திரங்கள் எல்லாம் திரும்பிவிட்டன. அந்தக் கரண்டி மட்டும் வரவில்லை. பெண் வீட்டார் போனில், புதிதாகவே ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுகிறோம், விட்டுவிடுங்கள் என்று கெஞ்சியிருக்கிறார்கள். இவர் விடுகிற ஆளா? காலையில் போனவர் சாயங்காலம் வந்து இறங்கினார். கையில் துண்டில் சுற்றிய கரண்டி. சம்பந்தி வீட்டுப் பரணில் கிடந்ததாம்.

“ஏண்ணே, பஸ்சுக்குக் குடுத்த காசுல புதுசே வாங்கியிருக்கலாமே?” என்று கேட்டேன்.

“வாங்கலாம் டீச்சர். அப்ப இது இன்னா ஆவும்? அந்தப் பரண்லயே கெடந்து சாவும்.”

கரண்டி சாகுமா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்கு எதிரே அவருடைய கடை. கல்யாணம் காதுகுத்து என்று எது நடந்தாலும் அண்டாவும் தேக்சாவும் தட்டும் டம்ளரும் அங்கிருந்துதான் போகும். ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் பேருக்குப் பதில் ஒரு சின்ன மீன் வெட்டியிருக்கும். ஏன் மீன் என்று கேட்டால், பேர் வெட்டுகிற ஆளுக்கு அன்றைக்கு அதுதான் நன்றாக வந்தது என்பார். பாத்திரங்கள் திரும்பி வருகிற அன்று கடைவாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றையும் கவிழ்த்து மீன் இருக்கிறதா என்று பார்ப்பார். அந்த நேரத்தில் முதலமைச்சரே வந்து பேசினாலும் நிமிர மாட்டார்.

கடை அப்படி இருக்கட்டும், வீடும் அதே லட்சணம்தான். பால் வாங்கத் தூக்கு, எண்ணெய்க்கு ஒரு டப்பா, பருப்புக்கு ஒரு துணிப்பை, இட்லிக் கடைக்குப் போனால்கூட ஒரு சம்படம். பை மறந்து கடைக்குப் போன நாட்களில் தக்காளியைத் துண்டில் முடிந்துகொண்டு வருவார். அவர் வீட்டில் குப்பைக்கூடை என்று ஒன்று கிடையாது. காய்த்தோல் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போகும், காகிதம் அடுப்பு பற்றவைக்கப் போகும். தினமும் வண்டி தள்ளிக்கொண்டு வரும் துப்புரவுப் பணியாளர் அவர் வீட்டு வாசலில் நின்று, “அண்ணே, ஒரு வாயப்பயத் தோலாவது போடுண்ணே, உங்க ஊட்டாண்ட வந்தேன்னு மேஸ்திரி நம்ப மாட்டேன்றாரு” என்று கேலி செய்வார்.

“திரும்பி வராத சாமானை ஊட்டுக்குள்ளயே உடக்கூடாது டீச்சர்.” இது அவருக்கு வேதவாக்கு. பேப்பர் கப்பைப் பார்த்தால் அவருக்கு ஆகாது. ஒரு கல்யாணத்தில் பந்தி முழுக்க இவருடைய எவர்சில்வர் டம்ளர் இருக்க, கொல்லைப்புறத்தில் பேப்பர் கப் அட்டைப்பெட்டியைப் பிரித்திருக்கிறார்கள். இவர் மாப்பிள்ளையின் சித்தப்பாவிடம் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தார். “எரநூறு டம்ளரு சும்மா கவுந்து கெடக்குது, இவனுங்க கப்பு வாங்கிக்கினு வந்து கீறானுங்க” என்று இரண்டு நாள் புலம்பினார். தொழில் வயிற்றெரிச்சல் என்று நாங்கள் சிரித்தோம். அதுவும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

கொரோனா வந்ததும் ஊர் உலகமே ஒருதரம் தொட்டுத் தூக்கிப்போடுகிற உலகமாகிவிட்டது. முகக்கவசம், கையுறை, பாட்டில், பொட்டலம் என்று எங்கள் வீட்டுக் குப்பை இரண்டு மடங்கானது. நானே பெட்டி பெட்டியாக முகக்கவசம் வாங்கி அடுக்கினேன். பயம். இவரோ பந்தி மேசைக்கு விரிக்கிற பழைய துணிகளைத் தையற்காரரிடம் கொடுத்து முகக்கவசம் தைத்துத் தெருவுக்கே கொடுத்தார். எனக்குக் கிடைத்ததில் எந்தக் காலத்துக் கல்யாணத்து ரசமோ, ஒரு மஞ்சள் கறை இருந்தது. வீட்டில் ஒரு பழைய தேக்சாவில் தினமும் அவற்றைக் கொதிக்கவைத்துக் கொடியில் காயப்போடுவார்.

“அண்ணே, இந்த நேரத்துலயும் இந்தப் பிடிவாதமா? உசுரு முக்கியமா, குப்பை முக்கியமா?”

“உசுருதான் டீச்சர் முக்கியம். அதனாலதான் கொதிக்க வெச்சிக்கினு கீறேன்.”

இரண்டாம் அலையில்தான் எல்லாம் கைமீறியது. எங்கள் தெருவிலும் பக்கத்து ரயில் நிலையத் தெருவிலும் வரிசையாக வீடுகள் படுத்துவிட்டன. சமைக்க ஆள் இல்லை. தெருமுனையைத் தாண்டி இருக்கும் காலனியில் வேறு கதை. அங்கே நோயைவிட வேலை இல்லாததுதான் பெரிய பாடு. மல்லாட்டை (எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பேர்) பிடுங்கப் போகிறவர்கள், வானூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போகிறவர்கள், எல்லாரும் வீட்டில் முடங்கிக் கிடந்தார்கள். தெருவில் அவரும் நானும் இன்னும் சிலரும் சேர்ந்து, பூட்டிக் கிடந்த கல்யாண மண்டபத்தின் சமையல்கட்டைத் திறந்து, மத்தியானத்துக்குச் சோறும் சாம்பாரும் ஆக்கிக் கொடுக்கத் தொடங்கினோம். அரிசி பருப்பு மளிகைக்கடைக்காரர் கொடுத்தார். பள்ளிக்கூடம் மூடியிருந்ததால் எந்த வீட்டுக்கு எத்தனை பேர் என்று பட்டியல் போடுகிற வேலை எனக்கு.

முதல் நாள் பிளாஸ்டிக் கவரில் சாம்பாரை ஊற்றி ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தோம். மறுநாள் காலையில் எங்கள் தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டு நின்றது. சாம்பார் வாசத்துக்கு மாடு ஒன்று கவரை மென்றுகொண்டிருந்தது. பாத்திரக்கடைக்காரர் அந்த மாட்டின் வாயில் கையை விட்டுக் கவரை இழுத்து எடுத்தார். கையைக் கழுவிக்கொண்டு நேராகக் கடையைத் திறந்தார். பத்து மணிக்கெல்லாம் மண்டபத்து வாசலில் ஒரு தட்டுவண்டி நிறையப் பரிமாறுகிற வாளிகள். சோற்றுக்கு ஒன்று, சாம்பாருக்கு ஒன்று, மேலே மூடத் தட்டு.

“நோயாளி ஊட்டுக்குப் போன வாளிய நாளைக்கு இன்னொரு ஊட்டுக்கா?” என்று மளிகைக்கடைக்காரர் பதறினார்.

“கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்தா இன்னாய்யா மிச்சம் இருக்கும்? மீனுதான் இருக்கும்” என்றார் இவர்.

சொன்னதைச் செய்தார். மண்டபத்துக் கொல்லையில் சவுக்குக் கட்டைகளை அடுக்கி, தன்னிடம் இருந்ததிலேயே பெரிய அண்டாவை ஏற்றினார். சாயங்காலம் வாளிகள் வந்ததும் சோப்புப் போட்டுத் தேய்த்து, கொதிக்கிற தண்ணீரில் முக்கி, இடுக்கியால் எடுத்துக் கவிழ்ப்பார். புகையில் கண் சிவந்து, முண்டா பனியன் கரியாகி, ஆள் பார்க்கச் சகிக்காது. ஒருநாள்கூட இன்னொருவரை அந்த அண்டா பக்கம் விடவில்லை. நான்கே நாளில் சாக்கடை ஓடத் தொடங்கியது. நாங்கள் எல்லாரும் அவரை மெச்சினோம்.

இப்போது என் புத்திசாலித்தனத்தைச் சொல்ல வேண்டும். ஐந்தாம் நாள் தெருவில் முணுமுணுப்பு வந்தது. வாளிகள் கலந்து வருகின்றன, எந்த வீட்டு வாளி எந்த வீட்டுக்கு வருகிறது என்று தெரியவில்லை என்றார்கள். எந்த வீட்டை மனதில் வைத்துச் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் தெரியாததுபோல் வைத்துக்கொள்வது எனக்குச் சுலபமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு அணிகளுக்கு நிறம் பிரிப்பதுபோல் நான் ஒரு யோசனை சொன்னேன். எங்கள் தெருவுக்கு மஞ்சள், ரயில் நிலையத் தெருவுக்குப் பச்சை, காலனிக்கு நீலம். வாளியின் விளிம்புக்குக் கீழே ஒரு பட்டை பெயின்ட். அந்தந்த நிறம் அந்தந்த இடத்துக்கே போய் அங்கிருந்தே திரும்பும். எந்த வாளியும் தொலையாது.

‘தொலையாது’ என்ற சொல் அவருக்குப் பிடித்துவிட்டது. “டீச்சர்னா டீச்சர்தான்” என்று சொல்லி, அன்றே அவர் கையாலேயே பட்டை அடித்தார். தெரு உடனே ஒப்புக்கொண்டது. அவ்வளவு சீக்கிரம் எங்கள் தெரு எதையும் ஒப்புக்கொண்டதில்லை. அதைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் பெருமையில் இருந்தேன்.

மறுநாள் அவரும் நானும் தட்டுவண்டியோடு காலனிக்குப் போனோம். முதல் வீட்டில் அறுபது வயதிருக்கும் ஓர் அம்மா. தினமும் அவர்தான் முதலில் வந்து வாளி வாங்குவார். அன்றும் வந்தார். வாளியைக் கையில் வாங்கி, பட்டையைப் பார்த்து, வண்டியில் இருந்த மற்ற வாளிகளையும் பார்த்தார்.

“இன்னாபா இது, எல்லாத்துலயும் நீலம்?”

“இது உங்களுக்குன்னு வெச்ச கலரும்மா. கலந்துடக் கூடாதுன்னு.”

“எதோட கலந்துடக் கூடாது?”

பாத்திரக்கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். நான் உதவிக்கு வந்தேன். எல்லாத் தெருவுக்கும் ஒரு நிறம் இருக்கிறது, எங்கள் தெருவுக்கு மஞ்சள் என்று வகுப்பில் சொல்வதுபோல் விளக்கினேன்.

“இருக்கட்டும் டீச்சர். உங்க தெருவுக்கு மஞ்சள் அடிச்சா அது கலரு. எங்களுக்கு நீலம் அடிச்சா அது கலரு இல்ல.” குரலை உயர்த்தாமல்தான் பேசினார். “எங்க ஆத்தா டீக்கடையில கொட்டாங்கச்சியில குடிச்சிது. நான் தனி கிளாசுல குடிச்சேன். குடிச்சிட்டு நானே கழுவி நானே கவுத்து வெச்சிட்டு வரணும். இப்ப என் பேத்தி பட்டை போட்ட வாளியில துன்னணுமா? பசி இல்லன்னு சொல்லலப்பா. எடுத்துக்கினு போ.”

வாளியை வண்டியில் வைத்தார். அந்த வரிசையில் யாரும் வாளி எடுக்கவில்லை. ஒரு குழந்தை அழுதது, அதன் அம்மா உள்ளே தூக்கிக்கொண்டு போனாள். நிறைந்த வாளிகளோடு வண்டியைத் திருப்பினோம். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. என்னை என்ன நினைத்துவிட்டார்கள் என்று அந்த அம்மாவின்மேல் கோபம்கூட வந்தது. பாதி வழியில்தான் அந்தக் கோபம் எத்தனை அசிங்கமானது என்று தெரிந்தது.

மண்டபத்துக்கு வந்ததும் மளிகைக்கடைக்காரர், “இதுக்கு எதுக்கு பேஜாரு? அவங்களுக்கு மட்டும் கவர்ல பார்சல் போட்டுடலாம். வாளி பிரச்சினையே வராது” என்றார்.

எனக்கும் அது சரியென்றே பட்டது.

அவர் சுவரில் சாய்ந்து நின்றவர் மெல்ல நிமிர்ந்தார். “வாளின்னா இன்னா அர்த்தம்? அவங்க கைபட்டத நாம திரும்ப வாங்கணும். கவருன்னா வாங்க வேணாம். அதுக்குத்தான்யா கவரு” என்றார். அப்புறம் எங்களிடம் இல்லை, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல், “அன்னிக்கிக் கல்யாணத்துல கொல்லப்பக்கம் கப்பு குடுத்துக்கினு இருந்தானுங்களே. நான் கப்புமேல கோவப்பட்டேன். அது யாருக்குப் போவுதுன்னு பாக்கவே இல்ல” என்றார்.

அப்போது மணி ஒன்று இருக்கும். சித்திரை வெயில். சாம்பார் நாலு மணிவரைகூடத் தாங்காது. அவர் சாம்பாரையும் சோற்றையும் தனித்தனி அண்டாவில் திருப்பிக் கொட்டி அடுப்பில் சூடு ஆறாமல் வைக்கச் சொன்னார். எங்கிருந்தோ தின்னரும் உப்புத்தாளும் கொண்டுவந்தார். நீலத்தை மட்டும் அழித்தால் போதுமே என்றேன், நேரத்தை நினைத்து.

“மஞ்சளையும் அழிக்கணும் டீச்சர். பச்சையையும். அந்தத் தெருவுங்களுக்குக் குடுத்த வாளியெல்லாம் இப்பவே வாங்கியார ஆள் அனுப்பறேன். அப்புறம் எல்லாத்தையும் ஒரே அண்டாவுல போடணும்.”

மளிகைக்கடைக்காரர் எழுந்துவிட்டார். “நான் சொல்றதக் கேளு. கலந்தீன்னா நம்ம தெருவுல ஒருத்தன் வாங்க மாட்டான். சோத்த உடு. நாளைக்கு எல்லாம் சரியாயிக் கல்யாணம் காச்சி நடக்கும். அப்ப உன் பாத்திரத்த எவன் எடுப்பான்? பரம்பரைக் கடைய மூடிக்கினு போப் போறியா?”

“எடுக்க வேணாம்.”

“யோசிச்சிப் பேசு.”

“யோசிச்சிட்டேன். நீ தேய்க்கறதுன்னா குந்து. இல்லன்னா அந்தப் பக்கம் நகரு, வெளிச்சம் மறைக்குது.”

மளிகைக்கடைக்காரர் போய்விட்டார். நாங்கள் தேய்த்தோம். விரல் நுனியெல்லாம் எரிந்தது. தின்னர் நெடி தலையைச் சுற்றியது. ஒட்டிக்கொண்ட பெயின்ட் சில இடத்தில் போகவே இல்லை. அங்கெல்லாம் அவர் வாளியே கீறிப்போகிற அளவுக்கு அழுத்தித் தேய்த்தார். பாத்திரத்தில் ஒரு கீறல் விழுந்தால் அரை நாள் புலம்புகிற மனிதர் அவர். தேய்த்ததையெல்லாம் கழுவி, மூன்று தெரு வாளிகளையும் ஒரே கொதியில் போட்டு, கலைத்துக் கலைத்து எடுத்தார். மூன்றரை மணிக்கு வண்டி மறுபடி காலனிக்குப் போனது.

அந்த அம்மா வாளியைத் திருப்பிப் பார்த்தார். விளிம்புக்குக் கீழே கீறல்தான் இருந்தது.

“இது எந்த ஊட்டு வாளி?” என்று கேட்டார்.

“தெரியல யம்மா. எல்லாம் கலந்துட்சி. நேத்து எங்க தெருவுலகூட இருந்திருக்கும். நாளைக்கு எங்க போவும்னும் தெரியாது.” அப்புறம், “நான் பண்ணது தப்பு” என்றார்.

யோசனை என்னுடையது என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் விட்டுக்கொடுத்தார், நான் எடுத்துக்கொண்டேன்.

“சாம்பாரு புளிச்சிப் போவலயே?” என்று கேட்டுக்கொண்டே அந்த அம்மா வாளியை உள்ளே எடுத்துப் போனார். அப்புறம் ஒவ்வொரு வீடாக வந்து எடுத்தார்கள். இரவல் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பார்கள் அல்லவா? சாயங்காலம் காலனியிலிருந்து வந்த வாளிகளில் ஒன்றில் முருங்கைக்கீரை, ஒன்றில் ஒரு பிடி மல்லாட்டை. எங்கள் தெருவிலிருந்து அதுவரை ஒரு வாளியும் அப்படி வந்ததில்லை. எங்களுக்கு அது தர்மச் சோறு, திருப்பித்தர ஒன்றுமில்லை என்று நினைத்துவிட்டோம் போலிருக்கிறது. மறுநாள் சாம்பாரில் அந்தக் கீரைதான் போட்டோம்.

அதே மறுநாள், எங்கள் தெருவில் வாசல் வாசலாக நின்று, வாளியை நீட்டுவதற்கு முன்னால் அவரே சொன்னார். “இது எல்லா ஊட்டுக்கும் போய் வர்ற வாளி. காலனிக்கும் போவுது. கொதிக்க வெச்சிதான் கொண்டாந்து கீறேன். வேணும்னா எடுத்துக்குங்க.” சொல்லாமல் கொடுத்திருந்தால் பாதிப்பேருக்குத் தெரிந்தே இருக்காது. நான் அதைத்தான் அவரிடம் சொன்னேன். “ஏமாத்திக் குடுத்தா அது எனக்குத்தான் அசிங்கம் டீச்சர்” என்றார். படுத்துக்கிடந்த வீடுகளில் பாதிக்கு மேல் கதவைச் சாத்திக்கொண்டன. சாத்திய வீடுகளுக்கும் அவர் தினமும் போனார். தினமும் அதையே சொன்னார். ஒரு வார்த்தை கூடுதலாகவும் இல்லை, குறைவாகவும் இல்லை. மளிகைக்கடைக்காரர் அரிசியை நிறுத்தினார். இவர் தன் கடையில் இருந்த பெரிய வெண்கல உருளி இரண்டை விற்று அரிசி வாங்கினார். திரும்பி வராது என்று தெரிந்தே அவர் பாத்திரத்தை வெளியே அனுப்பியது, நான் பார்த்த வரையில், அந்த ஒருமுறைதான்.

அடுத்த வாரம் என் கணவருக்குக் காய்ச்சல் வந்தது. எங்கள் வீடும் படுத்துவிட்டது. பாத்திரக்கடைக்காரர் எங்கள் வாசலுக்கு வந்தார். எனக்குத் தெரியாத விஷயமா? இருந்தும் அந்த நாலு வாக்கியத்தை என்னிடமும் முழுதாகச் சொன்னார். உள்ளே கட்டிலில் இருந்து என் கணவர் இருமிக்கொண்டே, “அந்த வாளிய உள்ள கொண்டாராத” என்றார்.

நான் உள்ளே போய் எங்கள் வீட்டுக் குண்டானை எடுத்துவந்து, சோற்றை அதில் கவிழ்த்துக்கொண்டு, வாளியை வாசலிலேயே வைத்தேன். நோயாளியோடு வாதாட முடியுமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சாக்கு. அந்த வாளியின் பெயின்ட்டைத் தேய்த்த விரல்களில் தோல் இன்னும் உரிந்துகொண்டிருந்தது. சாயங்காலம் அவர் வந்தார். கழுவாத வாளி, விளிம்பில் சோற்றுப் பருக்கை காய்ந்து வாசலில் நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதை எடுத்தார், வண்டியில் வைத்தார், போனார். மறுநாளும் வந்து அதே நாலு வாக்கியத்தைச் சொன்னார். காய்ச்சல் விடும்வரை பத்துப் பன்னிரண்டு நாள் அப்படித்தான் நடந்தது. ஒருநாளாவது அவர் முகம் சுளித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஊரடங்கு முடிந்தது. மளிகைக்கடைக்காரர் சொன்னது பலித்தது. எங்கள் தெருக் கல்யாணங்களுக்கு வேறு ஊரிலிருந்து பாத்திரம் வந்தது. வேறு சிலர் இதுதான் சாக்கென்று தட்டிலிருந்து கரண்டிவரை தூக்கிப்போடுவதாகவே வாங்கிவிட்டார்கள். காலனிக் கல்யாணங்களுக்கும் திருவாமாத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கும் இவருடைய பாத்திரம் போனது. முன்பு இருந்ததில் பாதித் தொழில்கூட இல்லை என்று அவர் மனைவி என்னிடம் சொன்னார். கடையை அவர் மூடவில்லை. வாடகைக்கு யார் வந்தாலும் முதலில் அந்த நாலு வாக்கியத்தைச் சொல்லிவிட்டுத்தான் சாமான் பட்டியலை எடுத்தார். அதைக் கேட்டுத் திரும்பிப் போனவர்களை நான் என் வீட்டு ஜன்னலில் இருந்து பார்த்திருக்கிறேன். அவர் எழுந்து கூப்பிட்டதே இல்லை.

எனக்கு விழுப்புரத்துக்கு மாற்றல் வந்தது. அங்கேயே வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டோம். போன வருடம் என் மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். கேட்டரிங்காரர் பாக்கு மட்டைத் தட்டும் பேப்பர் கப்பும் தானே கொண்டுவருவதாகச் சொன்னார், என் கணவரும் தலையாட்டிவிட்டார். நான் யாரிடமும் கேட்காமல் திண்டிவனத்துக்குப் போன் போட்டேன். சாமான் பட்டியலைச் சொன்னேன். அவர், “சரி டீச்சர்” என்று மட்டும் சொன்னார். வாக்கியத்தைச் சொல்லவில்லை. எனக்குச் சொல்லத் தேவையில்லை என்று விட்டுவிட்டார், சலுகை காட்டுகிறார் என்று மனதுக்குள் ஓர் ஆறுதல்.

சலுகையெல்லாம் ஒன்றும் இல்லை. அன்று காலை டெம்போவில் அவரே வந்து இறங்கினார். தலை முழுக்க நரைத்திருந்தது. வாசலில் என் கணவரும் மைத்துனர்களும் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். அவர் டெம்போவின் பின்கதவைத் திறக்காமல் அவர்கள் முன்னால் போய் நின்றார்.

“வணக்கங்க. இது எல்லா ஊட்டுக்கும் போய் வர்ற பாத்திரம். காலனிக்கும் போவுது. கொதிக்க வெச்சிதான் கொண்டாந்து கீறேன். வேணும்னா எறக்கறேன். வேணாம்னா வண்டிய இப்பவே திருப்பிக்கறேன்.”

மாப்பிள்ளையின் பெரியப்பா என் கணவரைப் பார்த்தார். என் கணவர் தரையைப் பார்த்தார். மைத்துனர் என் பக்கமாகச் சாய்ந்து, “அண்ணி, கேட்டரிங்காரன் தட்டு கொண்டாந்துகிறான். நல்ல நாள்ல எதுக்கு?” என்றார். என் மகளின் கல்யாணம் அந்த வாசலில் நின்றுகொண்டிருந்தது. ஒரு சொல்லில் அது கலைந்தாலும் கலையலாம். பொய் சொல்லவில்லை, எனக்குப் பயமாக இருந்தது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. வண்டியோட்டியைப் பார்த்து, திருப்பு என்பதுபோல் லேசாகக் கையைத் தூக்கினார்.

“அண்ணே, இருங்க” என்றேன்.

பட்டுப்புடவையை இடுப்பில் சொருகிக்கொண்டு டெம்போவின் பின்கதவை நானே திறந்தேன். முன்னால் இருந்த வாளி ஒன்றை இழுத்தேன். விளிம்புக்குக் கீழே கீறல் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு என் கணவரைத் தாண்டி, மாப்பிள்ளை வீட்டாரைத் தாண்டி, கூடத்தையும் தாண்டி, சமையல்கட்டு மேடையில் எங்கள் வீட்டுக் குண்டானுக்குப் பக்கத்தில் வைத்தேன். அடுத்ததை எடுக்க வாசலுக்குத் திரும்பினேன்.